போக ஆறு மணி நேரம், வரப் பதினஞ்சு

மார்ச் 4

அண்ணிக்கு,

போன்ல என்னை ப்ளாக் பண்ணிட்டே, மெசேஜ்லயும் பண்ணிட்டே. தபால்காரரை ப்ளாக் பண்ண இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கல, அதனால எழுதறேன். ஒரு காலத்துல ஏரோகிராம்ல மூணு பக்கமும் எழுதி, மடிக்கிற இடத்துலயும் எழுதி, பசை தடவற இடத்துல "இன்னும் இருக்கு, இடம் இல்ல"ன்னு எழுதி அனுப்பினவ நான். ரெண்டு வருஷமா உன்கிட்ட பேசாம வாய் துருப்பிடிச்சுப் போச்சு. வீட்டுக்காரர் மட்டும் முன்னைக்கு இப்ப நல்லா தூங்கறார்.

விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். ஹால் சுவத்துல ரெண்டு கடிகாரம் இருக்குமே, ஒண்ணுக்குக் கீழே "இங்கே", இன்னொண்ணுக்குக் கீழே "அங்கே"ன்னு அப்பா கையெழுத்துல சீட்டு ஒட்டியிருக்குமே, அதைப் பெயிண்டர் கழட்டினார். கழட்டிட்டு என்னைக் கேக்கறார், "ஏம்மா, ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு கடிகாரம்?"

"ஒண்ணு எங்க அண்ணன் இருந்த ஊரு நேரம்."

"நின்னு போச்சுங்களா?"

அவர் கடிகாரத்தைத்தான் கேட்டார். நான் சமையல்கட்டுக்குப் போய் கழுவி வச்சிருந்த பாத்திரத்தை எல்லாம் இன்னொரு தடவை கழுவினேன்.

அப்பா ஞாபகம் வந்துடுச்சு. நீங்க கிளம்பறதுக்கு முந்தின வாரம் நம்ம விமான டிக்கெட் ஆபீஸ்லேர்ந்து டைம்டேபிள் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேனே. தையல் மெஷின் முன்னாடி உக்காந்து, காதுல பென்சிலோட அதைப் படிச்சார். போறது காலை எட்டுக்குக் கிளம்பி மத்தியானம் ஒண்ணு அம்பதுக்கு இறங்குது. வர்றது காலை எட்டுக்குக் கிளம்பி ராத்திரி பத்து அம்பதுக்கு இறங்குது. அந்தந்த ஊர் நேரம்பா அதுன்னு நாம ரெண்டு பேரும் தொண்டை வத்தக் கத்தினோம். கேட்டாரா? "போக ஆறு மணி நேரம், வரப் பதினஞ்சு. போனவன் எவனும் ஏன் திரும்பி வரமாட்டேங்கிறான்னு இப்பல்ல புரியுது"ன்னு தெரு பூரா சொல்லிட்டு வந்தார். அப்புறம் என் பழைய அட்லஸை விரிச்சு, கழுத்துல கிடந்த அளவு நாடாவை எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவுல பிடிச்சார். "எட்டாயிரத்து நூறு கிலோமீட்டர்னு சும்மா பயமுறுத்தறீங்க. ஒன்பது அங்குலம்தான். அரைக்கைச் சட்டையோட கை."

நம்ம பழைய மேனேஜரைப் போன மாசம் வழியில பாத்தேன். தலையில முடி இல்ல, மத்தபடி அதே குரல். "ரிட்டர்ன் எப்படி இருக்கே? ஒன்வே எப்படி இருக்கா?"ன்னார். வர்றவங்க எல்லார்கிட்டயும் "ரிட்டர்ன் உண்டா, ரிட்டர்ன் உண்டா"ன்னு கேட்டதுக்கு எனக்கு அந்தப் பேர். என் அண்ணனைக் கட்டிக்கிட்டு ஒரு வழி டிக்கெட்ல போனதுக்கு உனக்கு அந்தப் பேர். "நல்லா இருக்கா சார்"னு சொன்னேன். நல்லா இருக்கியா?

இந்த "அங்கே" கடிகாரத்தை என்ன பண்றது? பேட்டரி போட்டா ஓடும். போடவா, தூக்கிப் போடவா? ஒரு வார்த்தையில பதில் போட்டாலும் சரி. திட்டறதா இருந்தா மட்டும் கொஞ்சம் நீளமா திட்டு.

இப்படிக்கு
ரிட்டர்ன்


மார்ச் 16

ரிட்டர்னுக்கு,

கடிகாரத்தைத் தூக்கிப் போடு.

இத்துடன் நிறுத்தத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எட்டாயிரத்து நூறு கிலோமீட்டர் விமானத்தில் ஏறி வந்திருக்கிறது. ஒரு காகிதத்துக்கு இருக்கிற தைரியம். அதில் பெயிண்டர் வருகிறார், மேனேஜர் வருகிறார், மாமாவின் அளவு நாடா வருகிறது. நீ வராத நாள் மட்டும் வரவில்லை.

நான் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், உன் அண்ணன் போன மூன்றாம் நாள். மூன்று மணிக்கு என்று வைத்திருந்த அடக்கத்தை நாலு மணிக்குத் தள்ளச் சொன்னேன். ஒன்று ஐம்பதுக்கு நீ இறங்குவாய், பெட்டியை எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம், டாக்ஸியில் நாற்பது நிமிடம். எத்தனை பேருக்கு நாம் இருவரும் போட்டுக் கொடுத்த கணக்கு. என் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தேன். யார் உட்கார வந்தாலும், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவளைப் போல, "ஆள் வருது" என்றேன். ஆள் வரவில்லை. நாலரைக்கு உன் செய்தி வந்தது: "சீட் கிடைக்கல அண்ணி."

நான் ஆறு வருடம் உட்கார்ந்த கவுண்டர் அது. என்னிடமே சீட் கணக்கா?

நன்றாக இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறாய். பல் டாக்டர் ஒருவரிடம் வேலை. யாரை எத்தனை மணிக்கு வரச் சொல்லலாம் என்று குறித்துக் கொடுக்கிறேன். ஊர் மாறினாலும் எனக்கு விதித்தது நேரம் குறிப்பதுதான் போலிருக்கிறது. இங்கே வருகிறேன் என்று சொன்னவர்கள் வருகிறார்கள், பல் பிடுங்குவதற்குக்கூட.

கடிகாரத்தைப் பற்றி ஒன்று. பதினொரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை அது தின்றிருக்கிறது. தூக்கிப் போடச் சொல்வது அதனால்தான். வேறு காரணம் எதுவும் நீ கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

உன் அண்ணி


மார்ச் 28

அண்ணி,

அடி பலம்தான். பல் பிடுங்கறதுக்குக்கூட வர்றாங்கன்னு எழுதினே பாரு, அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. மூணாவது நாள் இறங்கிடுச்சு, உன்கிட்ட மறைப்பானேன்.

பெரிய விஷயத்துக்கு வர்றேன். நிஜமா வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் குத்தத்தை ஒத்துக்கறேன், ஒத்திகை மாதிரி.

அந்தக் கடிகாரத்தைத் தப்பா வச்சது நான்.

நீங்க போன மறுநாளே அப்பா ரெண்டாவது கடிகாரம் வாங்கிட்டு வந்துட்டார். "டிக்கெட் ஆபீஸ்காரி, அந்த ஊர் நேரத்துக்கு வை." ஆபீஸ் சார்ட்ல உங்க ஊருக்கு நேரா அஞ்சுன்னு போட்டு, முன்னாடி சின்னதா ஒரு கோடு இருக்கும். அது கழித்தல் குறி. நான் என்னவோ மை சிந்தியிருக்குன்னு நினைச்சேன். நம்ம நேரத்துலேர்ந்து அஞ்சு மணி நேரம் குறைக்கிறதுக்குப் பதிலா கூட்டி வச்சுட்டேன். அப்பா ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குக் கத்திரியைக் கீழே வச்சுட்டு நிமிர்ந்து பாத்தா, "அங்கே"யில சாயங்காலம் அஞ்சு. "ஊரெல்லாம் சுத்திட்டு வந்து சும்மா உக்காந்திருப்பான், இப்பப் பேசினாத்தான் சரி"ன்னு போனை எடுத்துடுவார். நிஜத்துல உங்களுக்கு அப்ப காலையில ஏழு மணி.

மூணு மாசம் கழிச்சுத்தான் எனக்கே உறைச்சுது, அதே கணக்குல ஒரு கஸ்டமர் விமானத்தைக் கோட்டை விட்டப்ப. மேனேஜர் கத்தின கத்துல மாடியில இருந்த பல்பு ஆடிச்சு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா ஸ்டூல் போட்டு ஏறினேன்.

"என்னம்மா பண்றே?"ன்னார் அப்பா.

"தூசி தட்டறேன்பா."

அவ்வளவுதான். பதினோரு வருஷமும் தூசி மட்டும்தான் தட்டினேன். அதுக்குள்ள அவர் தெருவுக்கே சொல்லிட்டார், "எம் பொண்ணு ரெண்டு ஊர் நேரத்தையும் சுவத்துல மாட்டி வச்சிருக்கா"ன்னு. சட்டை தைக்க வந்தவங்க எல்லாம் அண்ணாந்து பாத்துட்டுப் போவாங்க.

எனக்கு ஒரு சந்தேகம், இருபத்திரண்டு வருஷமா மனசுல கிடக்கு. அப்பா பேசறப்ப நான் உள் ரூம் போனை எடுத்து ஒட்டுக் கேப்பேன். (திட்டாதே. இன்னும் விடல அந்தப் பழக்கத்தை.) "இன்னைக்கு எங்கெல்லாம் போனீங்க?"ன்னு இவர் கேப்பார். அண்ணன் முழு ஞாயித்துக்கிழமையையும் ஒப்பிப்பான். பார்க்குக்குப் போனோம், திரும்பி வர்றப்ப மழை, அவ ஜன்னலுக்குப் புது திரை தைச்சா. காலை ஏழு மணிக்கு எப்படி ஒருத்தனுக்கு அன்னைக்குப் பொழுது முடிஞ்சிருக்கும்? கேட்டா என் குட்டு உடைஞ்சுடும்னு வாயைத் திறக்கல. "அப்பா, இங்க இப்பத்தான் விடியுது"ன்னு ஒரு தடவைகூட அவன் ஏன் சொல்லல? நீயாவது சொல்லேன்.

ரிட்டர்ன்


ஏப்ரல் 9

ரிட்டர்னுக்கு,

கடிகாரத்தை யார் வைத்தது என்பது எங்களுக்கு முதல் ஞாயிறே தெரியும்.

போன் அடித்தது. உன் அண்ணன் போர்வையோடு எழுந்து போய் எடுத்தார். மாமாவின் குரல் எனக்குப் படுக்கை வரை கேட்டது. "உனக்கு இப்ப சாயங்காலம் அஞ்சு மணி. சரியா? உன் தங்கச்சி கடிகாரம் வச்சுக் குடுத்திருக்கா, பாத்துக்கிட்டே பேசறேன்!" உன் அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டுக்குப் பால் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. "ஆமாப்பா. கரெக்டா அஞ்சு" என்றார். குரல் ஏன் கம்முகிறது என்று கேட்டதற்கு, "நாளெல்லாம் அலைஞ்சதுல களைப்புப்பா."

போனை வைத்ததும் கேட்டேன், "எதுக்கு இந்தப் பொய்?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏற்கெனவே ரெண்டு டிக்கெட்ல தேதியை மாத்திப் போட்டுட்டா. இதுவும் தெரிஞ்சா அப்பா அவளை வேலையிலேர்ந்து நிறுத்தி, சட்டைக்குப் பித்தான் காஜா எடுக்க உக்கார வச்சுடுவார். அவளுக்கு அந்தக் கவுண்டர்தான் உசுரு. ஒரு ஞாயித்துக்கிழமை சீக்கிரம் எழுந்தா குடியா முழுகிடும்?"

ஒரு ஞாயிறு என்றுதான் நானும் நினைத்தேன்.

உன் சந்தேகத்துக்குப் பதில். ஏழு மணிக்கு முழு நாளையும் கற்பனையில் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு வந்து என்னை எழுப்புவார். "கிளம்பு, பார்க்குக்குப் போனோம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்." அப்பாவிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதாம். நேரம் மட்டும்தான் முன்பின்னாக இருக்கலாமாம், நடந்தது நடந்ததாக இருக்க வேண்டுமாம். மழை பெய்தது என்று சொல்லிவிட்டால் மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் குடையைப் பிடித்துக்கொண்டு என்னோடு நடப்பார். திரை தைத்தேன் என்று சொன்னாயே, அது எப்படித் தைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். காலை எட்டு மணிக்கே போய், துணிக்கடை திறக்கிற வரை வாசலில் நின்றோம்.

ஒரு தடவை, "பார்க்ல ஒரு வெள்ளை நாய் துரத்திச்சுப்பா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அன்று பூராவும் பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளை நாய்க்குக் காத்திருந்தோம். சாயங்காலம் ஒரு பழுப்பு நாய் வந்தது, வயதானது, எங்கள் காலடியிலேயே படுத்துவிட்டது. உன் அண்ணன் எழுந்து அதன் முன்னால் நாலு தப்படி ஓடிக் காட்டினார். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. "துரத்தினதா வச்சுக்க" என்றார்.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. பேனா தன்பாட்டில் போய்விட்டது.

ஒத்திகை முடிந்ததா? அன்று பிற்பகலில் நான் நம் கவுண்டருக்கு போன் செய்தேன். எடுத்தவர் சொன்னார், "சீட் போட்டாச்சும்மா. போர்டிங் பாஸே வாங்கிட்டாங்களே, இன்னும் வரலையா?" இனி நீ சொல்.

உன் அண்ணி


ஏப்ரல் 21

அண்ணி,

மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். மூணுலயும் நகைச்சுவை நல்லா வந்திருந்தது, அதான் கிழிச்சேன்.

சீட் கிடைச்சுது. இருபத்தி நாலாவது வரிசை, ஜன்னலோரம். காலை எட்டு மணி விமானத்துக்கு நாலு மணிக்கே போய் நின்னேன். பெட்டியைப் போட்டேன். போர்டிங் பாஸ் வாங்கினேன். சோதனை எல்லாம் முடிச்சு, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியில உக்காந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிக்குது. அண்ணி, ஊர்ல பாதிப் பேரை நான்தான் அதுல ஏத்தி அனுப்பியிருக்கேன். "ஒண்ணுமே தெரியாதுங்க, வீட்ல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும்"னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், அதை அவ்வளவு கிட்டத்துல அன்னைக்குத்தான் பாக்கறேன்.

எல்லாரும் ஏறிட்டாங்க. மைக்ல என் பேரைக் கூப்பிட்டாங்க. அவங்க கூப்பிட்ட அழகுக்கு அது வேற யாரோன்னு நானே நம்பலாம். மூணு தடவை கூப்பிட்டாங்க. நானும் சுத்துமுத்தும் பாத்தேன், யாருடா அந்தப் பொறுப்பில்லாதவன்னு. கதவைச் சாத்தினாங்க. அது நகர்ந்துது. என் பெட்டியைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து காலடியில வச்சுட்டுப் போனாங்க. நான் அதே நாற்காலியில மத்தியானம் வரைக்கும் இருந்தேன்.

பயம்னு சொன்னா நீ நம்பிடுவே. பயம்தான். ஆனா அது மட்டும் இல்ல. நான் ஏறாத வரைக்கும் அண்ணன் அங்கே இருக்கான். ஒண்ணு அம்பதுக்கு இறங்கிட்டா இல்ல. இப்படி ஒரு கணக்கை எந்த சார்ட்ல போட? அதனால ராத்திரி ஒன்பதரை மணிக்கு, சீட் இல்லைன்னு அனுப்பினேன். உன்கிட்ட போய் சொன்னேன் பாரு, மீனுக்கு நீச்சல் கத்துக் கொடுத்த மாதிரி.

உன் கடிதத்தை ஆபீஸ்லயே பிரிச்சுட்டேன். வெள்ளை நாய்க்குச் சிரிச்சேன். அதுக்கு முந்தின பக்கத்தைத் திரும்பப் படிச்சப்ப கவுண்டர்ல "அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்" பலகையை வச்சுட்டு உள்ளே போயிட்டேன். எனக்காக அவன் பதினோரு வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம எழுந்திருக்கான். அவனுக்காக ஒரே ஒரு நாள், ஒரு நாற்காலியிலேர்ந்து என்னால எழுந்திருக்க முடியல.

இன்னொண்ணும் சொல்லணும். பேட்டரி தேடி அப்பாவோட தையல் பெட்டியைக் குடைஞ்சேன். (நீ தூக்கிப் போடச் சொன்னே. நான் என்னைக்கு உன் பேச்சைக் கேட்டேன்?) பித்தான் டப்பாவுக்கு அடியில ஒரு பழைய டிக்கெட் உறை. நாலாவது வருஷம் நீங்க ரெண்டு பேரும் லீவுக்கு வந்தீங்களே, அந்த டிக்கெட்டோடது. பின்பக்கம் அப்பா பென்சில்ல கணக்குப் போட்டிருக்கார். அப்படியே எழுதறேன்:

"8.00 கிளம்பி 1.50 சேருது. அங்கே 5 மணி முன்னாடின்னா பயணம் 50 நிமிஷம். பறக்கும் கம்பளமா? 5 பின்னாடின்னா 10.50. அதான் சரி."

அதுக்குக் கீழே: "ஞாயிறு 12 = அங்கே காலை 7."

அதுக்கும் கீழே, தனியா, ஒரே ஒரு வார்த்தை: "பாவம்."

அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணி! நாலாவது வருஷமே தெரிஞ்சிருக்கு. அப்புறமும் ஏழு வருஷம் அதே பன்னெண்டு மணிக்கே போன் பண்ணியிருக்கார். பாவம்னு எழுதினவர் ஏன் நேரத்தை மாத்தல? எனக்கு ஒண்ணும் புரியல.

ரிட்டர்ன்


மே 3

ரிட்டர்னுக்கு,

உன் கடிதத்தில் கேட்டுக்குப் பக்கத்து நாற்காலியை மட்டும் பல தடவை படித்தேன். அன்று இங்கே ஒரு நாற்காலி காலி, அங்கே ஒரு நாற்காலியில் நீ. எட்டாயிரத்து நூறு கிலோமீட்டருக்கு இரண்டு முனையிலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம். கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. இன்னும் இருக்கிறது. முன்பு நின்றுகொண்டிருந்தது, இப்போது உட்கார்ந்திருக்கிறது.

மாமா ஏன் மாற்றவில்லை என்று கேட்டாய். அதற்கு நான்தான் காரணம். சிரிக்காதே.

அந்த லீவில் ஒரு நாள் எனக்குக் கோட்டு தைக்க மாமா அளவெடுத்துக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசி. அப்படியே கேட்டார், "ஏம்மா, ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடறப்ப உங்க ஊர்ல என்ன மணி?"

"அஞ்சு மாமா."

குண்டூசியை எடுத்துவிட்டு அந்த டிக்கெட் உறையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அழுகை. குடை, திரை, பழுப்பு நாய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் வேலையைக் காப்பாற்றத்தான் என்பதையும் சொன்னேன். மாமா நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார். "அவளை நிறுத்தியிருக்கவே மாட்டேன். அவ போட்ட தப்பு டிக்கெட்டை எல்லாம் சொல்லித்தான் தெருவுல நான் பெருமையடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு, "இனிமே ராத்திரி ஏழுக்குக் கூப்பிடறேன்மா. அவன் தூங்கட்டும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன்.

உன் அண்ணனை உனக்குத் தெரியும். விட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கி, மிச்ச நாளை நாற்காலியில் தூங்குகிற மனிதர். அந்த போன் இல்லையென்றால் இந்த ஊரில் எனக்குப் பால்கனிதான் உலகம். "மாமா, அவர் உங்ககிட்ட சொன்னாத்தான் என்னைக் கூட்டிட்டுப் போவார்" என்றேன். மாமா என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு திருட்டுத்தனம். உனக்கும் அதே கண்தான். "உனக்கு எங்கெல்லாம் போகணும்? எழுது. மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு மாதம் ஒரு கடிதம் அவர் நூல் வாங்குகிற கடை விலாசத்துக்கு எழுதுவேன். ஞாயிறு போன் வரும். "ஏன்டா, மருமகளை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனியா?" உன் அண்ணனுக்கு இல்லையென்று சொல்ல வாய் வராது. "போனோம்ப்பா, இப்பத்தான் வந்தோம்." போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வருவார். "கிளம்பு, ஆத்தங்கரைக்குப் போகணும்." நான் தெரியாதவளைப் போல, "இன்னிக்கா? களைப்பா இருக்கே" என்று ஒரு பிகு செய்துவிட்டுப் புடவையை எடுப்பேன். முந்தின நாளே இஸ்திரி போட்டு வைத்த புடவை. ஆற்றங்கரை, படகு, பொம்மலாட்டம், ஒரு தடவை மலைக்கு ரயில். இந்த ஊரை எனக்குச் சுற்றிக் காட்டியது உன் அப்பா, தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி.

மாமா போனதற்கு அடுத்த ஞாயிறும் உன் அண்ணன் ஏழு மணிக்கு எழுந்தார். போன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழரைக்கு என்னிடம் வந்து, "இன்னைக்கு நாம ஆத்தங்கரைக்குப் போனோம்" என்றார். நான் எழுந்து புடவை மாற்றினேன். அதன் பிறகு ஒன்பது வருடம் என்னிடமே சொன்னார்.

அவருக்குத் தெரியுமா என்று அடுத்ததாகக் கேட்பாய். கடைசி மாதத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில், திடீரென்று கேட்டார். "இந்த ஊர்ல ஆறு இருக்குன்னு நான் அப்பாகிட்ட சொன்னதே இல்லையே. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். அவர் சிரித்தார், இருமல் வரும் வரை.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெளியே போவதில்லை. போனதாக யாரும் சொல்வதில்லை.

உன் அண்ணி


மே 15

அண்ணி,

அப்பா, நீ, நான், மூணு பேரும் திருட்டுக் கும்பல். நடுவுல ஒருத்தன் மட்டும் யோக்கியன், அவனும் கடைசியில நம்மளைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் போயிருக்கான். என்ன குடும்பம் இது.

அண்ணன் காலை ஏழு மணிக்குச் சொல்ற மாதிரி, நடந்ததைச் சொல்றேன், கேட்டுக்கோ.

வர்ற ஜூன் 13, சனிக்கிழமை, காலை எட்டு மணி விமானத்துல ஏறினேன். ஜன்னலோரம் வேண்டாம்னுட்டேன். நடு சீட். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா எழுந்து ஓட முடியாது பாரு. மைக்ல பேரைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எழுந்துட்டேன். மேலே போறப்ப அப்பாவோட அளவு நாடாவைக் கையில சுத்திக்கிட்டேன். ஒன்பது அங்குலம், ஒன்பது அங்குலம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் தையல்காரின்னு நினைச்சுட்டார். பத்து மணி அம்பது நிமிஷம், பாவம் அவருக்கு நம்ம குடும்பக் கதை பூரா சொன்னேன். வெள்ளை நாய்க்கு அப்புறம் அவர் தூங்கற மாதிரி நடிச்சார்.

ஒண்ணு அம்பதுக்கு இறங்கினேன். நீ வந்திருந்தே. இளைச்சுப் போயிருந்தே. நான் இளைக்கல. "ரிட்டர்ன் உண்டா?"ன்னு கேட்டே. "தேதி போடாம வாங்கியிருக்கேன்"னேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு நான் எழுந்தேன். உன்னை எழுப்பல, எட்டு வரைக்கும் தூங்க விட்டேன். அப்புறம் ஆத்தங்கரைக்குப் போனோம். படகுல நான் ஏறமாட்டேன்னேன், நீ விடல. ஒரே வாரத்துல ரெண்டு வாகனம், என் வீட்டுக்காரர் நம்பவே மாட்டார். அங்கேர்ந்து அண்ணன் இருக்கிற இடத்துக்குப் போனோம். மழை பெய்ஞ்சுது. குடை கொண்டு போயிருந்தோம்.

அங்கே நான் உன்கிட்ட என்ன சொன்னேன், நீ என்ன சொன்னேங்கிறது மட்டும் எழுத வரல. அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கேன். யாராவது உக்கார வந்தா ஆள் வருதுன்னு சொல்லிடு.

கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டுட்டேன். பெயிண்ட் காஞ்சதும் அதே ஆணியில மாட்டினேன். "இப்பவாவது சரியா வைங்கம்மா"ன்னார், கதை பூரா கேட்டிருந்த பெயிண்டர். அஞ்சு மணி நேரம் கூட்டித்தான் வச்சேன்.

ரிட்டர்ன்


மே 26

அடி ரிட்டர்ன்,

படித்தேன். உன் அண்ணன் மாமாவிடம் சொன்ன மாதிரி சொல்லிவிட்டாய், இனி மாற்ற முடியாது. இரண்டே இரண்டு திருத்தம்.

ஒன்று. நான் இளைக்கவில்லை. நீ கண்ணாடி போடாமல் இறங்கியிருப்பாய்.

இரண்டு. நீ காலியாக விட்ட இடம். மழை விடவே இல்லை. இருப்பது ஒரே குடை, உன் தோள் பாதி நனைந்துவிட்டது. அங்கே நின்று நீ மன்னிப்புக் கேட்டாய். நான் கொடுத்துவிட்டேன்.

நீ வந்து கேட்க வேண்டியதுதான் பாக்கி.

ஒன்வே